ஒன்பது கிலோ

காஞ்சிபுரத்தில் ஒரு பத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சாந்திமதியைச் 'சக்கரை மேடம்' என்றால்தான் தெரியும். வகுப்புக்குள் வந்ததும் மேசைமேல் ஒரு கண்ணாடி டம்ளரை வைப்பாள். பக்கத்தில், பள்ளி வாசல் கடையில் அன்று காலை வாங்கிய சின்னக் குளிர்பான பாட்டில். "இதுல எத்தினி ஸ்பூன் சக்கரை இருக்கும், சொல்லுங்க பாக்கலாம்" என்பாள். ஒன்று, இரண்டு என்று பின்பெஞ்சிலிருந்து குரல்கள் வரும். அவள் பதில் சொல்லாமல் டப்பாவைத் திறந்து டம்ளருக்குள் சர்க்கரையை அள்ளிப் போட்டுக்கொண்டே இருப்பாள். நாலாவது ஸ்பூனில் சிரிப்பு கிளம்பும். ஆறாவது ஸ்பூனில் நின்றுவிடும். அதற்கப்புறம் அவள் என்ன சொன்னாலும் பிள்ளைகள் காது கொடுப்பார்கள்.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. பிறந்தது திருப்பருத்திக்குன்றத்தில், நிலம் வைத்துப் பயிரிடும் ஜைனக் குடும்பம். சின்ன வயதில் நல்ல பருமன். பள்ளியில் 'அரிசி மூட்டை' என்றார்கள். வீட்டிலும் செல்லமாக அதையே சொல்லிக் கூப்பிட்டார்கள். அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. இரண்டு இடத்திலிருந்து பெண் பார்க்க வந்து, பலகாரம் சாப்பிட்டு, பதில் சொல்லாமல் போனார்கள். இருபத்திரண்டாம் வயதில் ஒரு மழைக்காலம் முழுக்க ஒருவேளைச் சாப்பாடு என்று விரதம் பிடித்தாள். பக்தி என்று ஊர் நினைத்தது. அது பக்தி இல்லை என்று அவளுக்குத் தெரியும். அடுத்த தை மாதம் வாலாஜாபாத்தில் அரிசி வியாபாரம் பார்க்கும் பார்சுவநாதனோடு கல்யாணம் நடந்தது. மனையியல் படித்திருந்தவள், பிள்ளைகள் வளர்ந்தபின் உணவியலில் ஒரு பட்டயமும் வாங்கினாள். ஊரில் ஒரு தனியார் அறக்கட்டளை 'நம்ம தட்டு' என்ற பெயரில், பருமனான பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுப் பாடம் சொல்லும் திட்டத்தைத் தொடங்கியபோது அவளை வேலைக்கு எடுத்தார்கள்.

அவள் வேலையில் சில விதிகளைத் தானே போட்டுக்கொண்டிருந்தாள். வகுப்பில் யாரும் 'குண்டு' என்ற வார்த்தையைச் சொல்லக் கூடாது. எடை பார்ப்பது மறைப்புக்குப் பின்னால், ஒவ்வொருவராக. எண்ணை உரக்கச் சொல்வதில்லை. இதையெல்லாம் பார்த்த தாய்மார்கள் அவளை நம்பினார்கள். நம்பிக்கைக்கு உரியவள்தான். ஆனால் அவளிடம் ஒரு பலவீனம் இருந்தது. யார் கண்ணுக்கும் அது படவில்லை. எடை மெஷினில் எண் குறைந்திருந்தால் அவளுக்கு மனசு குளிர்ந்துவிடும். அந்தக் குளிர்ச்சியில் வேறு எதுவும் கண்ணில் படாது.

ஜூன் மாதம் பள்ளி திறந்த இரண்டாவது வாரம், பிள்ளையார்பாளையம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எடை பார்த்துக்கொண்டிருந்தாள். மறைப்புக்குப் பின்னால் வந்த சுகாசினி என்ற பெண் மெஷினில் ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றினாள். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றினாள். பிறகு, யாரும் சொல்லாமலே, காதில் இருந்த ஜிமிக்கி இரண்டையும் கழற்றி உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். கொஞ்சம் யோசித்து அவற்றையும் மேசைமேல் வைத்துவிட்டு ஏறினாள். பன்னிரண்டு வயது. அறுபத்து நான்கு கிலோ.

ஜிமிக்கியைத் திரும்ப மாட்ட அவள் தலையைச் சாய்த்தபோது பின்கழுத்து தெரிந்தது. மடிப்புகளில் தோல் கறுத்து, தடித்து, வெல்வெட் துணி மாதிரி இருந்தது. அதன்மேல் சிவப்பாகக் கீறல்கள்.

"இது என்னமா?"

"அழுக்கு இல்ல மேடம்" என்றாள் சுகாசினி உடனே. பலபேருக்குப் பலமுறை சொன்ன பதில் அது. "அம்மா பீர்க்கங்கா நாரு போட்டுத் தேய்க்குது டெய்லி. போவ மாட்டேங்குது."

அது தேய்த்துப் போகிற கறுப்பு இல்லை என்று சாந்திமதிக்குத் தெரியும். உடம்பில் இன்சுலின் இருந்தும் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்குத் தோல் காட்டும் அடையாளம் அது. அன்றைக்கே ஒரு சீட்டு எழுதினாள்: வெறும் வயிற்றில் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, இரண்டும் பார்க்க வேண்டும். சீட்டை மாணவியிடம் கொடுத்தனுப்பாமல் தானே அவள் வீட்டுக்குப் போனாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் தறிதான். சுகாசினியின் அப்பா குமரகுரு குழித்தறியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அம்மா கிருஷ்ணவேணி. உடலையும் கரையையும் வேறு வேறு நிறத்தில் நெய்து கோர்க்கும் கோர்வைப் புடவை, உடல் அரக்கு, கரை பச்சை. கரைக்கு என்று தனியாக ஓர் ஆள் உட்கார்ந்து, நூல் சுற்றிய நாடாவைத் தள்ளிக் கொடுத்தாக வேண்டும். அந்த ஆள் கிருஷ்ணவேணிதான். காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கிற நேரம்வரை எழுந்திருக்க முடியாது. பள்ளி விட்டு வரும் பெண் கடையில் எதையாவது வாங்கித் தின்றுவிட்டு, டிவி முன்னால் இன்னொரு பாக்கெட்டைப் பிரிப்பாள். இது கிருஷ்ணவேணிக்குத் தெரியாமல் இல்லை.

"நான் இன்னா மேடம் பண்றது. எழுந்து போயி ஒரு தோசை ஊத்திட்டு வர்றதுக்குள்ள இவரு அங்கயே கைய கட்டிக்கினு உக்காந்திருக்கணும்."

சாந்திமதி குறை சொல்லவில்லை. காலையிலேயே சுண்டல் வேகவைத்து வைக்கலாம், கடைப் பாக்கெட்டை ஒரேயடியாக நிறுத்தாமல் வாரத்துக்கு ஒன்று என்று குறைக்கலாம், தட்டில் பாதி காய் இருக்கட்டும், தாகம் எடுத்தால் தண்ணீர் மட்டும், இன்னொன்று, அந்த நாரைத் தூரப் போட்டுவிடுங்கள் என்று பொறுமையாகச் சொன்னாள். பிறகு சீட்டைக் கொடுத்தாள்.

கிருஷ்ணவேணி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "புள்ளைக்கா சுகரு?"

"இருக்குதுன்னு சொல்லல. பாத்துடணும்."

"முகூர்த்தப் பொடவ மேடம் இது. இத தறியிலருந்து இறக்கிட்டு நானே கூட்டிக்கினு போறேன்."

குமரகுரு தறியிலிருந்து எழுந்து வந்தார். சீட்டை வாங்கி, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.

சுகாசினியைப் போல ஒரு மாணவி சாந்திமதிக்கு அதுவரை கிடைத்ததில்லை. சொன்னதை அப்படியே செய்தாள். குளிர்பானத்தைத் தொடவில்லை. பெரிய தண்ணீர் பாட்டில் ஒன்றை வாங்கிக்கொண்டாள். ஜூலையில் எடை பார்த்தபோது அறுபத்தொன்று. சாந்திமதி எண்ணை உரக்கச் சொல்வதில்லை என்ற விதியை மீறவில்லை. ஆனால் அவள் முகம் சொல்லிவிட்டது. பெண்ணும் அதைப் பார்த்துவிட்டாள். அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் மெஷினில் ஏறியதும் சுகாசினி எண்ணைப் பார்ப்பதை விட்டு, மேடத்தின் முகத்தைப் பார்க்கத் தொடங்கினாள்.

ஆகஸ்ட் நடுவில் ஐம்பத்தெட்டு. ஆடி முடிந்திருந்தது. கோயில்களில் கூழ் வார்த்து ஓய்ந்து, ஆவணி முகூர்த்தங்களுக்குத் தறிகள் விடாமல் ஓடிக்கொண்டிருந்தன. கிருஷ்ணவேணி ஒருநாள் மத்தியானம் தானே பள்ளிக்கு வந்தாள். முந்தானையில் பட்டு நூல் இழை ஒட்டியிருந்தது. ஒரு பொட்டலத்தில் மல்லிகைப்பூ கொண்டுவந்திருந்தாள்.

"புள்ளைக்கு சுடிதாரெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு மேடம். எங்க தெருவுல எல்லாரும் கேக்கறாங்க, இன்னா குடுத்தன்னு."

"என்ன சாப்பிடறா இப்போ?"

"அதான் எனக்கே ஆச்சரியமா இருக்குது. முன்ன விட நல்லாத்தான் சாப்பிடறா. பசி பசின்னு சொல்லிக்கினே இருக்கறா. இருந்தாலும் இறங்குது பாருங்களேன்." கொஞ்சம் தயங்கினாள். "அந்த டெஸ்டு ஒண்ணு எழுதிக் குடுத்தீங்களே. அது எடுக்கணுமா? பொடவய இறக்கியாச்சு. நாளைக்கு வேணா கூட்டிக்கினு போவட்டா?"

அந்தக் கேள்விக்குச் சாந்திமதி சொன்ன பதிலை அவள் பின்னால் பல நாள், பல இடத்தில், தனக்குத்தானே திரும்பச் சொல்லிப் பார்த்தாள். கையில் பூப்பொட்டலம் இருந்தது. அதன் வாசனை நன்றாக இருந்தது.

"எடைதான் நல்லா இறங்குதே. காலாண்டுப் பரீட்சை முடியட்டும். பொறுமையா எடுத்துக்கலாம்."

கிருஷ்ணவேணி நிம்மதியாகப் போனாள்.

அந்தப் பள்ளியில் துப்புரவு வேலை பார்ப்பவர் காமாட்சியம்மாள். ஐம்பது வயதுக்கு மேல். அதிகம் பேசாதவர். ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள், சாந்திமதி எடை மெஷினைப் பையில் வைத்து மூடிக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்றார்.

"மேடம், ஒரு விஷயம். சொல்லலாமா வாணாமான்னு தெரியல."

"சொல்லுங்க காமாட்சிம்மா."

"பொண்ணுங்க பாத்ரூமுல கடைசி ரூமு இருக்குது இல்ல, உக்கார்ற மாதிரி பேசின் வச்சது. முட்டி வலிக்குதுன்னு சொல்லி உங்க சுகாசினிக்கோசரம் எச்எம் சார் தெறந்து உட்டாரு. அவ மட்டுந்தான் போறா. அந்த ரூமுல எறும்பு மொய்க்குது மேடம்."

சாந்திமதி நிமிர்ந்தாள். "மழ பேஞ்சுது இல்ல. மழைக்கு எறும்பு வரும்."

"பக்கத்து ரூமுலயும் அதே மழதான மேடம் பேஞ்சுது."

சாந்திமதி பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"அந்தப் பொண்ணு ஒரு பீரியடுக்கு ரெண்டு தபா வருது. பாட்டில ரொப்பிக்கினு போவுது, திரும்ப வருது. பினாயில் ஊத்திக் கழுவிட்டு வர்றேன், மத்தியானத்துக்குள்ள திரும்ப வரிசையா வந்து நிக்குது எறும்பு. எனக்குப் படிப்பு கிடையாது. பாத்தத சொல்லிட்டேன்."

அப்போது தலைமை ஆசிரியர் இளங்கோவன் அந்தப் பக்கம் வந்தார். சுகாசினியின் எடை குறைந்த கதை அவர் காதுக்கும் போயிருந்தது. செப்டம்பரில் 'ஆரோக்கிய விழா' ஒன்று நடத்தலாம், அறக்கட்டளைக்காரர்களைக் கூப்பிடலாம், அந்தப் பெண்ணை மேடையில் ஏற்றலாம் என்று உற்சாகமாகப் பேசிக்கொண்டே சாந்திமதியைத் தன் அறைக்கு அழைத்துப் போனார். காமாட்சியம்மாள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

மறந்துவிட்டேன் என்று சாந்திமதி பின்னால் ஒருபோதும் சொல்லவில்லை. மறக்கவில்லை. அது மனசுக்குள் ஓர் ஓரத்தில் கிடந்தது. தண்ணீர் நிறையக் குடிக்கிறாள், நான்தானே குடிக்கச் சொன்னேன். நிறையக் குடித்தால் நிறையப் போகத்தானே செய்யும் என்று அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடினாள். அவ்வளவுதான்.

மூன்று நாள் கழித்து, ஜைன வழக்கப்படி வெளிச்சம் இருக்கும்போதே வீட்டில் சாப்பாட்டை முடித்துக்கொள்ளும் நேரம். பார்சுவநாதனுக்குப் பரிமாறிக்கொண்டே விழாவைப் பற்றிச் சொன்னாள். மூன்று மாதம்கூட ஆகவில்லை, எட்டு ஒன்பது கிலோ இறங்கிவிட்டது என்றாள்.

"அப்படி என்ன சாப்பாட்டக் கொறச்ச?" என்று கேட்டார் அவர்.

"கொறைக்கலைங்க. மாத்தினேன். நல்லா சாப்பிடறாளாம், அவங்க அம்மா சொல்றாங்க. முன்ன விட அதிகமாவே சாப்பிடறாளாம்."

பார்சுவநாதன் கையில் சோறோடு அவளைப் பார்த்தார். "அதிகமா சாப்பிட்டா எப்படி சாந்தி இறங்கும்?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு மோர் ஊற்றச் சொன்னார். சாந்திமதிக்கு அன்று மோர் இறங்கவில்லை. நாளைக்குக் காலை முதல் வேலையாக அந்தப் பெண்ணை அழைத்துப் போய் ரத்தம் எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தாள். மறுநாள் காலை வாலாஜாபாத்தில் வேறொரு பள்ளியில் வகுப்பு இருந்தது. அதற்கடுத்த நாள் பிள்ளைகளுக்கு விடுமுறை. விழாவுக்குப் பிறகு என்று தள்ளி வைத்தாள். விழாவுக்கு ஆறு நாள்தான் இருந்தது.

விழா அன்று காலை சுகாசினி இரண்டு முறை வாந்தி எடுத்தாள். மேடை பயம் என்று கிருஷ்ணவேணி நினைத்தாள். எலுமிச்சம்பழம் பிழிந்து, சர்க்கரை போடாமல், கொஞ்சம் குடிக்கக் கொடுத்து அனுப்பினாள்.

மேடையின் பின்னால் இளங்கோவன் இரண்டு பெரிய புகைப்படங்களை மாட்டியிருந்தார். இடதுபக்கம் ஜூன் மாத சுகாசினி. வலதுபக்கம் இப்போதைய சுகாசினி. சாந்திமதிக்கு அதைப் பார்த்ததும் சுருக்கென்றது. "சார், இது வேணாமே, மத்த பிள்ளைங்க என்ன நினைக்கும்" என்றாள். "உங்க சாதனைதான் மேடம் இது, கூச்சப்படாதீங்க" என்றார் அவர். அவள் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

பெயரைக் கூப்பிட்டதும் சுகாசினி ஏறி வந்தாள். நாலே படிதான், இரண்டாவது படியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். மைக் முன்னால் வந்து நின்றதும் முழுப் பள்ளியும் கை தட்டியது. அறுநூறு பிள்ளைகள். முதல் வரிசையில் சாந்திமதியும் தட்டினாள். வெகுநேரம் தட்டினார்கள். அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அதுவரை யாரும் பார்த்திராத சிரிப்பு. கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே பள்ளம் விழுந்த முகத்தில் அது பெரிதாகத் தெரிந்தது. உதடு வெடித்திருந்தது.

பதக்கம் போடச் சொல்லிச் சாந்திமதியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். நாடாவை விரித்துக் கழுத்தில் போடுவதற்காகக் குனிந்தாள். அப்போதுதான் அந்த மூச்சு அவள் முகத்தில் பட்டது. கனிந்து புளிக்கத் தொடங்கிய பழத்தின் நெடி. அதோடு நகப்பூச்சை அழிக்கும் திரவத்தின் நெடியும். பெண் சும்மா நின்றுகொண்டிருந்தாள். ஆனால் ஓடி வந்தவள் மாதிரி ஆழமாக, வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

சர்க்கரை நோய் முற்றினால் மூச்சில் பழ நெடி வரும் என்று புத்தகத்தில் படித்த வரி ஒன்று சாந்திமதிக்கு முழுதாக நினைவுக்கு வந்தது. இருபது வருடத்துக்கு முன் படித்தது. அதோடு கடைசி ரூமும், தண்ணீர் பாட்டிலும், பசி பசி என்ற சொல்லும், கணவர் கேட்ட கேள்வியும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக வந்து நின்றன. பதக்கம் அவள் கையிலேயே இருந்தது.

"சுகா, போர்டு எழுத்தெல்லாம் தெரியுதா உனக்கு?"

"ரெண்டு வாரமா மங்கலா இருக்குது மேடம்." கொஞ்ச நேரம் கழித்து, "மேடம், நான் உக்காரட்டுமா" என்றாள்.

சாந்திமதி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினாள். பின்னாலேயே இளங்கோவன் வந்தார். "மேடம், அஞ்சே நிமிஷம். போட்டோ மட்டும் எடுத்துட்டு—"

"சார், வழிய விடுங்க."

அவள் அந்தக் குரலில் பேசி அந்தப் பள்ளியில் யாரும் கேட்டதில்லை. வாசலில் காமாட்சியம்மாள் நின்றிருந்தார். ஒரு பார்வையில் புரிந்துகொண்டார். ஓடிப்போய் ஆட்டோவை நிறுத்தி, பெண்ணை மடியில் சாய்த்துக்கொண்டு தானும் ஏறினார். வழியில் சுகாசினி இன்னொரு முறை வாந்தி எடுத்தாள். காமாட்சியம்மாள் தன் புடவையாலேயே துடைத்தார்.  நான்தான் சொன்னேனே என்று அவர் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் விரலில் குத்தி மெஷினில் ரத்தம் வைத்தார்கள். எண் வரவில்லை. மெஷினால் அளக்க முடியாத அளவுக்கு மேலே என்பதைக் காட்டும் இரண்டு ஆங்கில எழுத்துதான் வந்தது. இளம் வயது டாக்டர் ஒருத்தி நரம்பில் ஊசி ஏற்றிக்கொண்டே கேட்டாள்.

"எத்தனை நாளா எடை குறையுது?"

"பதினோரு வாரமா."

"எவ்ளோ?"

"ஒன்பது கிலோ."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். "பதினோரு வாரமா யாருமே பாக்கலையா?"

"நான் பாத்தேன். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ, நானேதான் எடை பாத்தேன்" என்றாள் சாந்திமதி.

டாக்டர் குனிந்து ஊசியை ஒட்டிவிட்டு நர்ஸைக் கூப்பிட்டாள்.

குமரகுருவும் கிருஷ்ணவேணியும் தறியிலிருந்து எழுந்தபடியே வந்தார்கள். உடம்பில் இன்சுலின் வேலை செய்யாததால் சர்க்கரை செல்லுக்குள் போகாமல் ரத்தத்திலேயே தங்கி, மூத்திரத்தில் வழிந்து போயிருக்கிறது. சாப்பிட்டும் உடம்பு பட்டினி கிடந்திருக்கிறது. கொழுப்பையும் தசையையும் தானே கரைத்துக் கரைத்து இப்போது ரத்தமே அமிலமாகிவிட்டது என்று டாக்டர் எளிமையாகச் சொன்னாள். சென்னைக்கு அனுப்பியாக வேண்டும் என்றாள். கிருஷ்ணவேணி சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள்.

குமரகுருவைச் சாந்திமதி அதுவரை நாலு வார்த்தை பேசிக் கேட்டதில்லை. அவர் அவளுக்கு நேராக வந்து நின்றார்.

"டெஸ்டு எடுக்கட்டான்னு இவ உங்களாண்ட வந்து கேட்டாளே மேடம்."

"ஆமாங்க. கேட்டாங்க."

"நீங்கதான வாணாம்னீங்க."

"நான்தான் சொன்னேன்."

அவர் அடுத்து ஏதோ சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். அவர் திரும்பி ஆம்புலன்ஸ் பக்கம் போய்விட்டார்.

சென்னையில் நாலு நாள் தீவிர சிகிச்சை. முதல் இரண்டு நாள் உறுதியாக எதுவும் சொல்ல மாட்டோம் என்றார்கள். மூளையில் நீர் கோக்கலாம் என்று ஒருவர் சொன்னதைக் கிருஷ்ணவேணி கதவுக்கு வெளியே நின்று கேட்டாள். சாந்திமதி தினமும் காலை ரயிலில் போய், மாடிப்படிக்குக் கீழே, அவர்கள் கண்ணில் படாத இடத்தில் உட்கார்ந்திருந்து சாயங்காலம் திரும்பினாள். மூன்றாம் நாள் சுகாசினி கண் திறந்து தண்ணீர் கேட்டாள் என்று ஒரு நர்ஸ் வந்து சொன்னாள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் இனி தினமும் இன்சுலின் ஊசி. பிற்பாடு மாத்திரையோடு நிற்கலாம், நிற்காமலும் போகலாம்; பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள்.

அறக்கட்டளைச் செயலாளர் உமாபதி சாந்திமதியைக் கூப்பிட்டுப் பேசினார். நல்ல மனிதர்தான். "இது தனி கேஸ் மேடம். ரிப்போர்ட்ல பொதுவான முன்னேற்றத்த மட்டும் எழுதுங்க. திட்டமே நின்னுடுச்சுன்னா யாருக்கு நஷ்டம், சொல்லுங்க?" என்றார். அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினாள். தாய் கேட்ட தேதி, தான் சொன்ன பதில், துப்புரவுப் பணியாளர் எச்சரித்த நாள். காமாட்சியம்மாளின் பெயரை முழுதாக எழுதினாள். கடைசியில், கழுத்து கறுத்த எந்தப் பிள்ளைக்கும் ரத்தப் பரிசோதனை முடிவு வராமல் சாப்பாட்டுப் பாடத்தை ஆரம்பிக்கக் கூடாது; முயற்சியைவிட வேகமாக எடை இறங்கினால் அதைப் பாராட்டக் கூடாது, அன்றைக்கே டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று எழுதினாள். உமாபதி அதைப் படித்துவிட்டு, ஒரு வரியும் மாற்றாமல் கோப்பில் வைத்தார். திட்டம் நிற்கவில்லை. தன் பட்டியலில் கழுத்து கறுத்த பிள்ளைகள் இருபத்தாறு பேர் இருப்பதைச் சாந்திமதி எண்ணிப் பார்த்தாள். ஒரு மாதத்தில் எல்லோருக்கும் ரத்தம் எடுக்க வைத்தாள். நாலு பேருக்குச் சர்க்கரை இருந்தது. அதில் ஒரு பெண்ணுக்கு வயது ஒன்பது. அவள் எடையும் இரண்டு மாதமாக இறங்கிக்கொண்டிருந்தது.

பிள்ளையார்பாளையம் வீட்டுக்கு இரண்டு தடவை போனாள். முதல் தடவை கிருஷ்ணவேணி தறியை விட்டு எழுந்திருக்கவில்லை. இரண்டாம் தடவை எழுந்து வந்து வாசலில் நின்றாள். வாங்க என்று சொல்லவில்லை. சாந்திமதி மன்னிப்புக் கேட்டாள். கிருஷ்ணவேணி காது கேட்காதவள் மாதிரி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தீபாவளி போயிற்று. கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில் பட்டு நூல் இழுபட மாட்டேன் என்று தறிகள் பாதி நாள் சும்மா கிடந்தன.

அந்த மழையில் ஒருநாள் கிருஷ்ணவேணியிடமிருந்து போன் வந்தது.

"ஊசி போட்டும் சுகரு முந்நூறு, முந்நூத்தம்பதுன்னு நிக்குது. போடறாளான்னு டாக்டர் கேக்கறாரு. போடறேன்னுதான் சொல்றா. பிளாஸ்டிக் ஊசி எல்லாம் காலியாத்தான் கெடக்குது." மழைச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினாள். "எங்கிட்ட சொல்ல மாட்டேங்கறா. நீங்க வந்து கேளுங்க."

சாந்திமதி போனபோது சுகாசினி கூடத்து மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். நன்றாக இருந்த இரண்டு மாதத்தில் இன்சுலின் அவள் உடம்பைத் தேற்றி, கன்னம் திரும்பவும் உப்பியிருந்தது. இப்போது மீண்டும் ஒட்டத் தொடங்கியிருந்தது. பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு.

சாந்திமதி கீழே அவளுக்குச் சமமாக உட்கார்ந்தாள். "மருந்த எங்க பீச்சற?"

 சுகாசினி கண்ணால் கொல்லைப்பக்கத்து வாய்க்காலைக் காட்டினாள்.

"எதுக்குமா?"

"ஊசி போட்டா வெயிட் ஏறுது மேடம். போடலன்னா தன்னால இறங்குது." மெதுவான, யோசித்து வைத்திருந்த குரல். "நான் சாவறதுக்காகப் பண்ணல. கொஞ்சமாத்தான் கொறைக்கறேன். அன்னிக்கு மாதிரி ஆவறவரைக்கும்தான்."

"என்னிக்கு மாதிரி?"

"விழா அன்னிக்கு. எல்லாரும் கை தட்னாங்க இல்ல."

தறியில் யாரும் இல்லை. குமரகுரு வாசல்படியில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார் என்பது தோள் அசையாமல் இருந்ததில் தெரிந்தது. மழை ஓட்டின் மேல் ஒரே மாதிரி பெய்துகொண்டிருந்தது.   

"அன்னிக்கு நானும் தட்டினேன்" என்றாள் சாந்திமதி. "நீ சாகக் கிடந்தே. எனக்குத் தெரியல. தெரிஞ்சுக்க வேண்டிய வேலைல இருக்கறவ நான். உனக்குத் தட்டல சுகா, எனக்கே தட்டிக்கினேன். அது தப்பு. ரொம்பப் பெரிய தப்பு."

பெண் அவள் முகத்தையே பார்த்தாள். முன்பு மெஷினில் நின்று பார்த்த அதே பார்வை. நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை.

அன்றிலிருந்து ஓர் ஏற்பாடு. ஊசி போடும் நேரத்துக்குக் கிருஷ்ணவேணி தறியை விட்டு எழுந்துவிடுகிறாள். குமரகுரு நாடாவைக் கீழே வைத்துவிட்டு, மனைவி திரும்பும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார். செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் சாந்திமதி வருகிறாள். பொழுது சாய்ந்தபின் அவள் சாப்பிடுவதில்லை என்பதால் அந்த இரண்டு நாளும் ராச்சாப்பாடு இல்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை. மருத்துவமனையில் மனநல ஆலோசகரிடமும் மாதம் ஒருமுறை பெண்ணை அழைத்துப் போகிறார்கள். சர்க்கரை இருநூறுக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. எடை மெஷினை அந்த வீட்டுக்குள் யாரும் கொண்டுவருவதில்லை.

கிருஷ்ணவேணி இப்போது வாங்க என்று சொல்கிறாள். அதற்கு மேல் பேச்சில்லை. சுகாசினி சில நாள் பள்ளிக் கதை சொல்வாள். சில நாள் ஒரு வார்த்தை பேச மாட்டாள். சட்டையை லேசாகத் தூக்கி, வயிற்றுத் தோலை இரண்டு விரலால் பிடித்து, அந்த மடிப்பைக் கொஞ்ச நேரம் வெறித்துப் பார்ப்பாள். எவ்வளவு நேரம் பார்ப்பாள் என்று சொல்ல முடியாது. அம்மாவும் சாந்திமதியும் அவசரப்படுத்துவதில்லை. இரண்டு பேரும் அவள் கையையே பார்த்துக்கொண்டு, ஊசி உள்ளே இறங்கி, மருந்து முழுதும் போய், ஊசியை எடுக்குமுன் அவள் பத்துவரை எண்ணி முடிக்கும்வரை உட்கார்ந்திருக்கிறார்கள்.